திருமறைக் காலத்துக் கீரைகளும் பூண்டுகளும்

மத்தேயு நற்செய்தியின் இருபத்துமூன்றாம் அதிகாரத்தை ஆலயத்தில் வாசிக்கும்பொழுது, நம்மில் பலர் ஒரு சொல்லில் சற்றே தடுக்கி, பின்பு ஒன்றும் நிகழாததுபோல் மேலே செல்வதுண்டு. பரிசேயர் தசமபாகம் செலுத்திய மூன்று பொருள்களுள் முதலாவதாக நிற்கும் ‘ஒற்தலாம்’ என்பதே அச்சொல். வெந்தயமும் சீரகமும் நம் அஞ்சறைப்பெட்டியில் உள்ளவை, ஒற்தலாம் யாது? சில ஆண்டுகளுக்கு முன்பு கிராமச் சபை ஒன்றில் வேதபாடம் நடத்துகையில், முதியவர் ஒருவர் எழுந்து இதே வினாவை நம்மிடம் கேட்டார். அன்று நாம் அளித்த விடை நமக்கே நிறைவளிக்கவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

ஒற்தலாம் என்பது புதினாவேயன்றி வேறன்று. போர்த்துக்கீசியர் புதினாவுக்கு வழங்கிய பெயர் தமிழ் உருவம் பெற்று நம் பழைய மொழிபெயர்ப்பில் நிலைத்துவிட்டது. 1995ஆம் ஆண்டில் வெளிவந்த திருவிவிலியம் புதினா என்றே கூறுவதால், இனி வரும் தலைமுறைக்கு இவ்விடர் இராது. அடுத்து நிற்கும் வெந்தயமோ நமக்கு நன்கு அறிமுகமானதுபோல் தோன்றினும், கிரேக்க மூலம் குறிப்பது வெந்தயத்தை அன்று. நாட்டு மருந்துக்கடைகளில் கிடைக்கும் சதகுப்பையை. லூக்கா 11:42இல் நம் பழைய மொழிபெயர்ப்பில் மணம் வீசும் மரிக்கொழுந்து, மூலத்தில் அருவதா என்னும் செடியாகும். ஏசாயா 28:25-27இல் கோலால் அடிக்கப்படும் உளுந்தும் உளுந்தன்று, கருஞ்சீரகம். உளுந்துச் செடியை மாடு கட்டி மிதிக்கச் செய்யும் நம் உழவர் இவ்வதிகாரத்தைக் கேட்டு ஐயுற்றிருப்பின் அவர்மேல் குற்றமில்லை. கருஞ்சீரகத்தின் மென்மையான சிறு விதைகளோ போரடிக்கும் பலகையின் கீழ் நசுங்கிப் போவன. ஆகையால்தான் அவற்றைக் கோலால் தட்டினர். எத்தானியத்தை எவ்வாறு அடிப்பது என்னும் அறிவும் கடவுள் உழவனுக்குக் கற்பித்ததே என்பது தீர்க்கதரிசியின் கருத்து.

மொழிபெயர்ப்பாளரை நாம் குறைகூற முற்படவில்லை. இம்மானுவேல் லோவ் யூதரின் தாவரங்களைப் பற்றிய தம் பெருநூலை 1924ஆம் ஆண்டு முதல் 1934ஆம் ஆண்டு வரை பல தொகுதிகளாக வெளியிட்டதும், மிகாயேல் சோகரி திருமறைத் தாவரங்களைப் பற்றி எழுதிய நூல் 1982இல் வெளிவந்ததும் அவர்கள் காலத்திற்கு வெகுவாகப் பிற்பட்டவை. கைக்கெட்டிய சொல்லை அவர்கள் எடுத்தாண்டனர். ஆயினும் பெயர் மயங்கியதால் வேறொரு மயக்கமும் நேர்ந்தது. இன்னதென்று தெரியாத பூண்டை வாசகர் எளிதில் வெறும் அடையாளமாக்கிவிடுகிறார். ஈசோப்பு என்றால் தூய்மை, கசப்பான கீரை என்றால் துன்பம் என்று மனப்பாடம் செய்துகொண்டு, அவை மனிதர் நாள்தோறும் உண்ட பொருள்கள் என்பதை மறந்துவிடுகிறோம். திருமறையில் பூண்டும் கீரையும் முதலில் உண்கலத்திற்கு வந்தன; பின்னரே பலிபீடத்தின் அருகே சென்றன. இவ்வரிசையை மறந்தால் நம் விளக்கம் பிழைபடும் என்பதே இக்கட்டுரையில் நாம் காட்ட விழைவது.

தசமபாகத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். உபாகமம் 14:22-23 தானியத்தையும் திராட்சரசத்தையும் எண்ணெயையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது, புதினாவை அன்று. எனவே பரிசேயர் இலைகளை எண்ணிக்கொண்டிருந்தது வீண்வேலை என்று நம் பிரசங்கங்களில் நகைத்துவிடுகிறோம். ஆனால் யூத மரபை எழுத்தில் தொகுத்த மிஷ்னா இதற்கு ஒரு பொதுவிதியைத் தருகிறது: உணவாக இருப்பதும், காவல் செய்யப்படுவதும், நிலத்தில் விளைவதுமாகிய யாவும் தசமபாகத்திற்கு உட்பட்டவை. ஆகவே புதினாவில் பத்திலொன்று கொடுத்தவர் அதை உணவாகக் கருதியே கொடுத்தார். சதகுப்பையில் விதைக்கு மட்டுமா, இலைக்கும் காய்க்கும் சேர்த்தா என்றுகூட அறிஞர்கள் வாதிட்டனர். அப்பங்கு லேவியருக்கு உரியது. மூன்றாம் ஆண்டிலோ அந்நியரும் திக்கற்ற பிள்ளைகளும் விதவைகளும் உண்டு நிறைவடையத் தனியே வைக்கப்படவேண்டும் என்று உபாகமம் 14:28-29 கட்டளையிடுகிறது. ஒரு பிடி புதினா எனினும் அது ஒருவருடைய அப்பத்தோடு சேரவேண்டிய உணவு.

இங்கு நோக்கத்தக்க மற்றொன்றும் உண்டு. தானே முளைக்கும் அருவதா, மலைக் கொத்துமல்லி முதலிய சில பூண்டுகள் தசமபாகத்திலிருந்து விலக்குப் பெற்றவை என மிஷ்னா கூறுகிறது. லூக்காவில் ஆண்டவர் எடுத்துக்காட்டும் பரிசேயரோ அருவதாவுக்கும் தசமபாகம் செலுத்துகின்றனர். அதாவது, கேட்கப்படாததையும் கொடுக்கின்றனர். இப்படிப்பட்டவர்கள் நியாயத்தையும் தேவ அன்பையும் கைவிட்டதுதான் வியப்பு. ஆண்டவர் இலைகளை எண்ணுவதை நிறுத்தும்படி அவர்களுக்குச் சொல்லவில்லை. அதையும் விடாதிருக்கவேண்டும் என்றே சொன்னார். இவ்விடத்தை வாசிக்குந்தோறும் நாம் ஊழியம் செய்த ஒரு சபையின் அறுப்பின் பண்டிகை நினைவுக்கு வருகிறது. ஏழைத் தாய் ஒருவர் முருங்கைக்கீரை ஒரு கட்டு கொண்டுவந்து படைத்தார். ஆட்டுக்கிடாவும் வாழைத்தாரும் ஏலம் போகையில் எழுந்த ஆரவாரத்தில், ஏலம் கூறியவர் கீரைக்கட்டை எடுத்துச் சொல்லவே மறந்துவிட்டார். ஏலம் முடிந்தபின் அது பந்தலின் மூலையில் வாடிக் கிடந்தது. அன்று ஆயராக நின்றிருந்த நாமும் அதைக் கவனிக்கவில்லை.

கீரை ஏழையின் உணவு என்பது திருமறையில் பல இடங்களில் பேசாமலே பேசப்படுகிறது. பாலஸ்தீனத்தின் எளிய குடும்பத்திற்கு அப்பம், ஒலிவ எண்ணெய், பருப்பு வகை, காலத்துக்கேற்ற கீரை ஆகியவையே அன்றாட ஆகாரம். இறைச்சி பண்டிகைக்கும் விருந்துக்கும் உரியது. நீதிமொழிகள் 15:17 கொழுத்த எருதையும் இலைக்கறியையும் எதிரெதிரே வைக்கிறது. இவ்வசனத்தைத் திருமண வீட்டில், விருந்து பரிமாறப்படுவதற்குச் சற்று முன்பு, நாமும் பலமுறை பிரசங்கித்திருக்கிறோம். கேட்டோர் புன்னகையோடு பொறுத்துக்கொண்டனர். ஆனால் நீதிமொழி கீரையைப் புகழவில்லை. கீரை குறைந்த உணவு என்பதை எல்லாரும் ஒப்புக்கொள்வதால்தான், அன்போடு கூடிய குறைந்த உணவு பகையோடு கூடிய நிறைந்த உணவினும் மேலானது என்னும் ஒப்புமைக்கு வலிமை கிடைக்கிறது. அதனினும் தாழ்ந்த நிலை யோபு 30:4இல் காணப்படுகிறது. சமுதாயத்தினின்று துரத்தப்பட்டவர்கள் பசியால் உவர்நிலத்துச் செடியின் தழையைப் பறித்துத் தின்கின்றனர்.

கில்காலில் பஞ்சம் உண்டானபோது எலிசாவின் மாணாக்கர் கூழுக்குக் கீரை தேடிச் சென்ற வரலாற்றை (2 இராஜாக்கள் 4:38-41) இறையியல் கல்லூரி விடுதியில் வாழ்ந்த எவரும் எளிதில் மறக்கமாட்டார். அவர்கள் தேடிய கீரைக்கு எபிரேயத்தில் வரும் சொல், காரச்சுவை கொண்ட ஒருவகைக் காட்டுக்கீரையைக் குறிக்கும் என்பது தல்மூதில் காணப்படும் கருத்து. தேடச் சென்றவர் பேய்க்கொம்மட்டிக் கொடியைக் கண்டு, இன்னதென்று அறியாமல் மடிநிறைய அதன் காய்களை அறுத்து வந்தார். பேய்க்கொம்மட்டி கடும் கசப்பும் கொடிய பேதியும் உண்டாக்குவது. மிகுதியாக உண்டால் உயிருக்கே கேடு. வாயில் வைத்தவுடன் பானையில் சாவு இருக்கிறதென்று அவர்கள் அலறியது மிகையன்று. பஞ்சகாலத்தில் எந்தச் செடி உணவு, எந்தச் செடி நஞ்சு என்னும் அறிவே உயிரைக் காக்கும் அறிவு. அவ்வறிவு பெரும்பாலும் கீரை பறிக்கும் பெண்களிடமே இருந்திருக்கும் என்பதில் ஐயமில்லை. தீர்க்கதரிசிகளின் பள்ளியில் அது பாடமாக இருந்ததாகத் தெரியவில்லை.

ஏழையின் உணவு ஒரு முறை அரசனின் ஆசைப்பொருளாகவும் ஆயிற்று. ஆகாப் நாபோத்தின் திராட்சத்தோட்டத்தைக் கேட்டது கீரைக்கொல்லையாக்கும்படியே (1 இராஜாக்கள் 21:2). ‘கீரைத்தோட்டம்’ என்னும் பொருள்படும் இந்த எபிரேயச் சொற்றொடர் பழைய ஏற்பாட்டில் இரண்டே இடங்களில் வருகிறது. மற்றொன்று உபாகமம் 11:10. அங்கு எகிப்து தேசம், காலால் நீர்பாய்ச்சும் கீரைத்தோட்டத்திற்கு ஒப்பிடப்படுகிறது. வாக்குத்தத்த நாடோ வானத்து மழையை நம்பி வாழும் மலைநாடு. திராட்சத்தோட்டம் பல ஆண்டுகள் பேணி வளர்க்கப்பட்டு, தந்தையிடமிருந்து மகனுக்கு வரும் சுதந்தரம். கீரைக்கொல்லையோ சில வாரங்களில் விளைந்து அழிவது. தலைமுறைச் செல்வத்தைப் பிடுங்கி, அரண்மனைச் சமையற்கட்டிற்கு அண்மையில் ஒரு கீரைப்பாத்தி அமைக்க விரும்பிய அரசன், இஸ்ரவேலின் நிலத்தை எகிப்தின் முறைமைக்குத் திருப்புகிறான் என்று வரலாற்று ஆசிரியர் சுட்டுவதாக விளக்கவுரையாளர் சிலர் கொள்வர். அதுவே பொருத்தமான விளக்கமென நமக்கும் தோன்றுகிறது.

இனி, பஸ்காவின் கசப்பான கீரையைச் சற்று விரிவாக நோக்குவோம். யாத்திராகமம் 12:8இல் எபிரேய மூலம் ‘கசப்பானவை’ என்று மட்டும் கூறுகிறது; கீரை என்னும் சொல் அங்கு இல்லை. கிரேக்க எழுபதின்மர் மொழிபெயர்ப்பு ஒரு கசப்புக் கீரையின் பெயரைத் தந்தது. எரோனிமுவின் இலத்தீன் மொழிபெயர்ப்பு காட்டு லெட்டூசுக் கீரை என்றது. நம் தமிழ் மொழிபெயர்ப்பு கீரை என்று பொதுவாகக் கூறியது சாலவும் நன்று. மிஷ்னா இக்கடமைக்கு ஏற்றவையென ஐந்து கீரைகளைப் பெயரிடுகிறது. அவற்றுள் லெட்டூசு முதலாவது. பஸ்கா வரும் மாதத்தில், மழைக்காலம் முடிந்த நிலையில், இக்கீரைகள் வயலோரங்களில் தாமாகவே தளிர்த்து நிற்கும். நெருப்பில் சுட்ட ஆட்டிறைச்சியோடு இளங்கீரையை உண்பது அந்நாட்டிற்கு இயல்பான உணவே. கட்டளையின்படி உண்ணும் இரவில் மட்டும் அது நினைவுச் சின்னமாகிறது.

கீரை என்றவுடன் நமக்குக் கடைந்த கீரையும் பொரியலுமே நினைவுக்கு வரும். அங்கு அவ்வாறன்று. அக்கீரை பச்சையாகவோ உலர்ந்ததாகவோ இருக்கலாம். ஊறவைத்ததாகவோ வேகவைத்ததாகவோ சமைத்ததாகவோ இருத்தலாகாது என்று மிஷ்னா திட்டமாகக் கூறுகிறது. பழங்களையும் மசாலையையும் அரைத்துச் செய்யும் ஒரு துவையலில் அதைத் தோய்ப்பது வழக்கமாயிற்று. அதிலும் நெடுநேரம் வைக்கலாகாது, இனிப்பு கசப்பைக் கெடுத்துவிடும் என்று தல்மூது எச்சரிக்கிறது. பாகற்காய்க்கு வெல்லமிட்டுக் கசப்பை மறைக்கும் நம் வீட்டுக் கைத்திறன் அவ்விரவில் விலக்கப்பட்டது. பார்வோனின் அடிமைத்தனத்தைப் பற்றிச் சொற்பொழிவு கேட்டுப் பிள்ளைகள் தூங்கிவிடலாம். நாவில் வைத்த கசப்போ தூங்கவிடாது. எகிப்தியர் நம் முன்னோரின் வாழ்வைக் கசப்பாக்கினதால் இதை உண்கிறோம் என்று ரபான் கமாலியேல் விளக்கினார். யாத்திராகமம் 1:14இல் எகிப்தியர் கசப்பாக்கினார்கள் என்னும் வினைச்சொல்லும் இக்கீரையின் பெயரும் ஒரே வேரினின்று பிறந்தவை. நகோமி தனக்கு இட்டுக்கொண்ட மாராள் என்னும் பெயரும், வனாந்தரத்தில் மாராவின் தண்ணீரும் அவ்வேரினவே.

லெட்டூசுக் கீரையை ஏன் முதலாவதாக வைத்தனர் என்பதற்கு எருசலேம் தல்மூது தரும் விளக்கம் நம் உள்ளத்தை விட்டு அகலாதது. அது தளிராக இருக்கும்போது இனிக்கும். தண்டு உயர்ந்து முற்றும்போது கசக்கும். எகிப்தியரும் அவ்வாறே முதலில் யோசேப்பின் குடும்பத்தை நல்ல நிலத்தில் குடியேற்றினர். பின்பு அவர்கள் வாழ்வைக் கசப்பாக்கினர். அடிமைத்தனம் சங்கிலியோடு வருவதில்லை, உபசரிப்போடு வரக்கூடும் என்பதைத் தோட்டத்துக் கீரை ஒன்றிலிருந்து அறிந்துகொண்டவர்கள் அவர்கள். பிற்காலத்தில் ஐரோப்பாவின் குளிர்நாடுகளில் குடியேறிய யூதர், பஸ்கா மாதத்தில் அங்கு இளங்கீரை கிடைக்காமையால், கண்ணீர் வரவழைக்கும் காரமான ஒரு வேரைத் துருவி அதற்குப் பதிலாக வைத்தனர். கசப்பு உறைப்பாக மாறியது, கடமை மாறவில்லை.

எரேமியாவின் புலம்பல் 3:15இல், கடவுள் என்னைக் கசப்பால் நிரப்பினார் என்று முறையிடுகிறவர் ஆளும் சொல்லும் பஸ்காவின் கீரையைக் குறிக்கும் அதே சொல்லே. அது எபிரேயப் பழைய ஏற்பாட்டில் வேறெங்கும் வருவதில்லை; யாத்திராகமம் 12:8, எண்ணாகமம் 9:11, இவ்விடம் ஆகிய மூன்று மட்டுமே. எருசலேம் இடிந்து கிடக்கையில், விடுதலைப் பண்டிகையின் கீரை மட்டும் தட்டில் எஞ்சியிருக்கிறது, ஆட்டுக்குட்டி இல்லை. இதனை அறிந்து வாசிப்பவர்க்கு அவ்வசனத்தின் வலி இரட்டிப்பாகும்.

அதே வசனம் தொடர்ந்து கூறும் எட்டியைப் பற்றியும் ஒரு சொல். நம் நாட்டு எட்டி, விதையில் கொடிய நஞ்சுடைய மரம். எபிரேயச் சொல் குறிப்பதோ பாலைநிலத்தில் வளரும் மணமுள்ள கசப்புப் பூண்டு. தண்ணீர் கசந்து மனிதர் மடியும் வெளிப்படுத்தின விசேஷம் 8:11க்கு எட்டி மிகப் பொருந்தும். நியாயத்தைக் கசப்பாக்கினவர்களை ஆமோஸ் கடிந்துகொள்ளும் இடத்தில் நஞ்சைவிடக் கசப்பே கருத்து. விந்தை என்னவெனில், அக்கசப்புப் பூண்டின் நெருங்கிய இனம் நம்மிடம் உண்டு. நம் பெண்கள் கூந்தலில் சூடும் மரிக்கொழுந்தே அது. லூக்காவில் அருவதாவுக்குப் பதிலாக வந்து நின்ற மரிக்கொழுந்து, ஆமோஸில் நின்றிருக்கவேண்டிய செடியின் தங்கை!

இறுதியாக ஈசோப்பு. அப்பெயரால் ஐரோப்பாவில் வழங்கும் செடி பாலஸ்தீனத்தில் காடாக வளர்வதில்லை. எனவே திருமறையின் ஈசோப்பு அங்கு பாறையிடுக்குகளில் வளரும், ஓமத்தை ஒத்த மணமுடைய ஒரு சிறுசெடியே என்பது தாவர அறிஞர் பெரும்பாலோரின் முடிவு. அரபியர் அதை சாத்தர் என்பர். இலைகளை உலர்த்தி, எள்ளோடு கலந்து பொடியாக்கி, ஒலிவ எண்ணெயில் தோய்த்த அப்பத்தோடு இன்றும் உண்கின்றனர். நம் வீட்டு இட்லிப்பொடிக்கு உள்ள இடம் அங்கு அதற்கு உண்டு. முற்றத்தில் காவலோடு வளரும் ஈசோப்புக்குத் தசமபாகம் உண்டு என்று மிஷ்னா கூறுவதால், அக்காலத்திலும் அது உணவாகவே கருதப்பட்டது தெளிவு. இஸ்ரேல் அரசு 1977ஆம் ஆண்டில் இதைப் பாதுகாக்கப்பட்ட செடியாக அறிவித்துக் காட்டில் பறிப்பதைத் தடை செய்தபோது, தலைமுறை தலைமுறையாக மலைச்சரிவுகளில் அதைப் பறித்துவந்த பாலஸ்தீன மக்கள் அடைந்த வேதனைக்குக் காரணமும் அதுவே. அவர்களுக்கு அது அருஞ்செடியன்று, காலை உணவு.

சாலொமோன் லீபனோனின் கேதுரு முதல் சுவரில் முளைக்கும் ஈசோப்பு வரை சகல மரங்களையும் குறித்து உரைத்தார் (1 இராஜாக்கள் 4:33). மரங்களுள் மிகப் பெரியதும் மிகச் சிறியதும் அங்கு எல்லைகளாக நிற்கின்றன. குஷ்டரோகியின் சுத்திகரிப்பில் இவ்விரண்டும் சேர்த்துக் கட்டப்படுகின்றன (லேவியராகமம் 14:4). கேதுருவைப்போல் தன்னை உயர்த்தியவன் ஈசோப்பைப்போல் தன்னைத் தாழ்த்தவேண்டும் என்று பதினொன்றாம் நூற்றாண்டின் யூத உரையாசிரியர் ராஷி இதற்குப் பொருள் கூறினார். விளக்கம் அழகியதே. எனினும் ஈசோப்பு தெரிந்துகொள்ளப்பட்டதற்கு அதனினும் எளிய காரணம் உண்டு. அதன் மயிரடர்ந்த இலைக்கொத்து நீர்மத்தைப் பற்றிக்கொள்ளும், தெளிப்பதற்கு ஏற்றது, யாவர் வீட்டருகிலும் கிடைப்பது. எகிப்தில் அந்த இரவில் ஒவ்வொரு அடிமைக் குடும்பமும் வாசல் நிலைக்கால்களில் இரத்தம் பூசவேண்டியிருந்தது (யாத்திராகமம் 12:22). விலையுயர்ந்த கருவி ஒன்று கட்டளையிடப்பட்டிருந்தால், அதனை வாங்க இயலாத வீட்டின் தலைப்பிள்ளை என்னாவது? கெரிசீம் மலையில் சமாரியர் இன்றும் பஸ்கா ஆட்டின் இரத்தத்திற்கு இச்செடியின் கொத்தையே பயன்படுத்துகின்றனர். ஐம்பத்தோராம் சங்கீதத்தின் தலைப்பு அதை அரசனாகிய தாவீதின் விண்ணப்பம் என்கிறது. அரண்மனையில் நறுமணத் தைலங்கள் பல இருந்திருக்கும். அவரோ ஏழையின் சுவரில் முளைக்கும் செடியைக் கேட்கிறார்.

யோவான் 19:29இல் காடி தோய்த்த காளான் ஈசோப்புத்தண்டில் மாட்டப்படுகிறது. மத்தேயுவும் மாற்கும் அதைக் கோல் என்பர். இச்சிறு செடியின் தண்டு அதைத் தாங்குமா என்று ஐயுற்ற சிலர், கிரேக்கத்தில் ஈசோப்புக்கும் எறியீட்டிக்கும் உரிய சொற்கள் ஒத்திருப்பதால் மூலத்தில் ஈட்டி என்றே இருந்திருக்கவேண்டும் எனக் கருதினர். ஆனால் இச்செடி நன்கு வளர்ந்தால் ஏறத்தாழ ஒரு மீட்டர் உயரம் எழும். சிலுவையும் நாம் படங்களில் காண்பதுபோல் அவ்வளவு உயரமாக இருந்திருக்கவேண்டியதில்லை. மேலும், அது பஸ்காவுக்கு ஆயத்தநாள் என்று யோவான் 19:14இல் முன்னரே கூறியிருக்கிறார். எலும்புகளில் ஒன்றும் முறிக்கப்படவில்லை என்று 19:36இல் பஸ்கா ஆட்டின் கட்டளையை நினைவூட்டப்போகிறார். இவ்விரண்டிற்கும் நடுவே அவர் ஈசோப்பு என்று எழுதியது எழுத்துப்பிழையாக இருத்தல் அரிது. அந்தப் பகலில் எருசலேமின் வீடுகளில் பெண்கள் மாலைக்கான கீரையை ஆய்ந்துகொண்டிருந்திருப்பார்கள். நகரத்துக்கு வெளியே, போர்ச்சேவகர் தாங்கள் குடிக்கும் புளித்த மதுவை, வீட்டுச் சுவரில் முளைக்கும் செடியின் நுனியில் தோய்த்து, தாகமாயிருக்கிறேன் என்றவருடைய வாயினிடத்தில் நீட்டினார்கள்.